நான் படிக்காத மூன்றாம் பாகம்

சினிமாவில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். திரையில் என் பெயர் ஒன்பது படங்களில் வந்திருக்கிறது. அதில் இரண்டில் எழுத்துப் பிழையோடு. இப்படிப்பட்டவனிடம் யோசனை கேட்க யாராவது வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. போன மாதம் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் உதவி இயக்குநர்கள். ஒரு பழைய ஆங்கில நாவலை வெளிநாட்டில் மறுபடி படமாக எடுத்திருக்கிறார்களாம், முடிவை மாற்றிவிட்டார்களாம். அது சரியா தப்பா என்று வரும் வழியெல்லாம் ஆட்டோவில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"நீங்கதான் சார் சொல்லணும். அந்தக் காலத்துலயே இங்கிலீஷ் நாவலை எல்லாம் தமிழ்ப் படமாக்கினவர் நீங்க. மூலத்தோட முடிவை மாத்தலாமா?" என்றாள் அவர்களில் ஒரு பெண்.

எந்த நாவல் என்று கேட்டேன். அவள் பெயரைச் சொன்னதும் காப்பி எனக்குப் புரையேறியது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அறுபதுகளில் நாங்கள் யாரையும் கேட்காமல் அதை எடுத்துப் படமாக்கினோம். இந்த வயதில் போய் மாட்டிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை.

அவர்களிடம் அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் செஞ்சிக்காரன். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கடைத்தெருவில் மளிகைக்கடை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்து, மூன்றாவது முயற்சியில் தேறினேன். சென்னையில் ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாவில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்தேன், வெற்றிலை வாங்கி வந்தேன், போன் வந்தால் "ஐயா செட்டுல இருக்காரு" என்று பொய் சொன்னேன். மூன்றாவது வருடம், இலாகாவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால், அந்த நாற்காலி எனக்கு வந்தது.

வேலை இதுதான். வாடகை நூலகத்திலிருந்து பழைய ஆங்கில நாவல்களை எடுத்து வந்து படிக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் அவர்கள் ஊர்ச் சங்கதி, வலது பக்கம் நம் ஊர்ச் சங்கதி. இடது பக்கம் பனி என்றால் வலது பக்கம் மழை. அங்கே நடன விருந்து என்றால் இங்கே தேர்த் திருவிழா. பாதிரியார் இருந்தால் தமிழ் வாத்தியார். குதிரை வண்டி விபத்தை மட்டும் மாற்ற வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளலாம். இப்படி நூறு பக்கம் எழுதி மனப்பாடம் செய்து டைரக்டரிடம் சொல்ல வேண்டும்.

டைரக்டர் தணிகாசலம் கதை கேட்பது காலை எட்டு மணிக்கு, ஸ்டுடியோவில் வேப்பமரத்தடியில், முகச் சவரம் நடக்கும்போது. அவரோடு பதினைந்து வருடமாக இருக்கும் ஆதிமூலம்தான் சவரம் செய்வார். கதை சொல்கிறவன் இடது பக்கம், நிழல் ஐயா முகத்தில் விழாமல் நிற்க வேண்டும். ஐயா கண்ணை மூடியிருப்பார். கதையில் ஏதாவது பிடித்தால் வலது கை ஆட்காட்டி விரல் மேலே போகும். உடனே ஆதிமூலம் கத்தியை எடுத்துவிட்டு விலகி நிற்பார். ஐயா யோசித்து முடித்து விரலை இறக்கினால் சவரம் தொடரும். ஒரு தடவைகூட விரல் உயராமல் முகம் மழித்து முடிந்து படிகாரம் தடவிவிட்டால், அந்தக் கதை செத்தது. திட்டமாட்டார், கோபப்படமாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "டிபன் சாப்டியா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தச் சவர நாற்காலி பக்கத்தில் நின்று நான் பதினொரு நாவல்களைக் கொன்றிருக்கிறேன். பதினோராவது முடிந்தபோது ஆதிமூலமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கொஞ்சம் வேகமா சொல்லு, எனக்கே தூக்கம் வருது, கையில கத்தி இருக்குது" என்றார்.

பன்னிரண்டாவதுதான் நான் சொல்லும் நாவல். மூன்று பாகம். நூலகத்தில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதை யாரோ எடுத்துப்போய்ப் பல வருடமாகத் திருப்பித் தரவில்லை. போனால் போகிறது, எப்படியும் விரல் உயரப்போவதில்லை, மூன்றாவதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

கதை இது. கடற்கரையில் ஒரு சுண்ணாம்புக் காளவாய். அப்பா இறந்த பிறகு மகள்தான் அதை நடத்துகிறாள். குன்றின்மேல் கல்மாளிகையில் இருக்கும் பணக்காரர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். அவளோ ஏழு வருடத்துக்கு முன் கப்பலில் போன ஒரு மாலுமிக்காகக் காத்திருக்கிறாள். பணக்காரர் கெடு வைக்கிறார். கெடு முடியும் நாளில் துறைமுகத்தில் ஒரு கப்பல் வருகிறது. இரண்டாம் பாகம் அங்கே முடிகிறது.

அன்றைக்கு விரல் மூன்று தடவை உயர்ந்தது. கப்பல் வந்ததும் ஐயா கண்ணைத் திறந்துவிட்டார். நான் பார்க்க அவர் சவரத்தின் நடுவில் கண்ணைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அப்புறம்?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பக்குவம் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. "கப்பல்லேர்ந்து அவன் இறங்குறான் ஐயா" என்று ஆரம்பித்தேன். பணக்காரருக்கும் அவனுக்கும் மலை உச்சியில் சண்டை. பணக்காரர் பாறையிலிருந்து விழுகிறார். கல்யாணம். மூன்று நிமிடத்தில் ஒரு பாகத்தையே எழுதி முடித்துவிட்டேன்.

"மூலத்துல இப்படியேவா இருக்குது?"

"இப்படியேதான் ஐயா."

மாலுமி சிப்பாய் ஆனான். பணக்காரர் ஜமீன்தார் ஆனார். கப்பல் பஸ் ஆனது. மலைமேல் கல்மாளிகைக்கு எங்கே போவது என்று ஐயா கேட்டபோது, "எங்க ஊர்லயே இருக்குது ஐயா, கோட்டை மலை, ராஜகிரி. உச்சிக்குப் பக்கத்துல பெரிய பிளவு, அது மேல ஒரு பாலம். அங்கேர்ந்து தள்ளிவிட்டா பார்க்கவே பயமா இருக்கும்" என்றேன். செய்த தப்பு போதாதென்று அதை என் சொந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

நைனாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அவர் அதைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். வல்லத்திலிருந்து புண்ணாக்கு வாங்க வந்தவர்களுக்குக்கூட, "எம் புள்ள வெள்ளக்காரன் எழுதுன புக்கைப் படமா எடுக்கறான். மூணு புக்கு. மூணையும் படிச்சிட்டான்" என்று சொல்லித்தான் நிறுத்துப் போட்டிருக்கிறார். புத்தகத்தின் பெயரை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார்.

ஆடி மாதம் யூனிட் செஞ்சிக்கு வந்தது. கோட்டையடியில், ராஜா காலத்துக் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் பந்தலும் காளவாய் செட்டும் போட்டார்கள். முதல் நாள் சிப்பாய் பஸ்ஸிலிருந்து இறங்கும் காட்சி. காலையிலிருந்து பார்க்கிறோம், ஒரு பஸ்ஸும் கிடைக்கவில்லை. புரொடக்ஷன் மேனேஜர் ஓடிப்போய் விசாரித்து வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"இன்னிக்கு அமாவாசையாம். ஊர்ல இருக்கற பஸ்ஸு அத்தனையும் மேல்மலையனூருக்குப் போயிருக்குதாம். உங்க ஊருதானேய்யா இது?"

என் ஊர்தான். பிறந்ததிலிருந்து மாதம் தவறாமல் பார்த்த கூட்டம்தான். இங்கிலீஷ் கடற்கரையில் கப்பல் வரும் நேரம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆடி அமாவாசைக்கு அங்காளம்மன் கோவிலுக்கு பஸ் போகும் என்பது மறந்துவிட்டது.

நைனாதான் காப்பாற்றினார். கடைக்கு வரும் சவரிமுத்து என்பவரின் இரட்டை மாட்டு வண்டியை வரவழைத்தார். சிப்பாய் மாட்டு வண்டியில் வந்து இறங்கட்டும் என்று ஐயா ஒத்துக்கொண்டார். சவரிமுத்து பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர். வண்டியில் அவரோடு தங்கையும் வந்திருந்தாள்.

"ஷூட்டிங் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். பி.ஏ. முடிச்சிட்டுது சார். வர்ற தை மாசம் கல்யாணம். அப்புறம் எங்க பார்க்கப்போவுது" என்றார் சவரிமுத்து.

அவள் பெயர் ஜெபமாலை. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருக்கும். வெளிர் நீலப் புடவை, கையில் குடை. நேராக என்னிடம் வந்து, "நீங்கதான் அந்த நாவலைப் படிச்சவரா? எங்களுக்கு அது பாடமா இருந்துச்சு" என்றாள்.

பக்கத்தில் நைனா நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மூணையும் படிச்சிருக்கான்மா" என்றார்.

"அப்படிங்களா? மூணாம் பாகத்துல அந்த வக்கீல் வருவாரே, அவரா யாரு நடிக்கறாங்க?"

எந்த வக்கீல் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் சினிமாக்காரன் அல்லவா. "கதை நீளமா போவுதுன்னு வக்கீலை எடுத்துட்டோம்" என்றேன்.

நைனா கடைக்குப் போகும்வரை அவள் காத்திருந்தாள். அவர் போன பிறகு, "வக்கீலே கிடையாதுங்க. சும்மாத்தான் கேட்டேன்" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் பழைய தானியக் களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலகம், விரல், கண் திறந்தது, மூன்று நிமிட முடிவு, எல்லாம். அவள் சிரித்த சிரிப்பில் குரங்குகள் எங்கள் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

"மூணாவதுல இன்னா ஆவுதுன்னு நான் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னாள்.

கப்பலிலிருந்து அவன் இறங்கி வருகிறான். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறாள். அவன் உட்கார்ந்து பேசுகிறான். போன நாடு, பட்ட கஷ்டம், சம்பாதித்தது, இனிமேல் செய்யப்போவது. சாயங்காலம்வரை பேசுகிறான். 'நீ எப்படி இருந்தாய்?' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் எழுந்து, 'நீங்கள் போய்வாருங்கள்' என்கிறாள். மாளிகைக்காரருக்கும் முடியாது என்று சொல்லி அனுப்புகிறாள். மறுநாள் விடியும்போது காளவாயைப் பற்ற வைக்கிறாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சண்டை இல்லை, பாறை இல்லை, கல்யாணம் இல்லை. என் முடிவை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் முடிவு செய்தேன். எனக்கு வேலை முக்கியம்.

மறுநாள் பாலத்துக் காட்சியை ஒத்திகை பார்க்க எல்லாரும் ராஜகிரி ஏறினோம். ஜமீன்தாராக நடித்தவர் நல்ல கனமான ஆள். முதல் மண்டபத்துக்குப் போகும் முன்பே படியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து அவரைக் கீழே இறக்கினார்கள். இறக்கும்போது அவர் யாரைத் திட்டினார் என்று நான் எழுத வேண்டியதில்லை. மலையை யார் சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நடிகர்களின் கால்ஷீட் அதற்கடுத்த நாளோடு முடிகிறது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. கல்யாண மகால் எதிரே நாற்காலி போட்டு ஆதிமூலம் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார். ஐயா என்னைக் கூப்பிட்டார். இடது பக்கம் போய் நின்றேன்.

"வில்லன் மலை ஏறமாட்டான். சண்டை கிடையாது. மூலத்துல வேற ஏதாவது வழி இருக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லு. மூணு பாகத்தையும் படிச்சவன் நீதான்."

"ஐயா, மூணாவது பாகத்தை நான் படிக்கலைங்க." இன்னொரு பொய் சொல்ல அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஐயா விரலை உயர்த்தவில்லை. ஆதிமூலம் தானாகவே கத்தியை எடுத்துவிட்டார்.

"அப்ப நீ எனக்குச் சொன்னது?"

"நானா சொன்னது ஐயா."

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பினேன். நைனா நின்றுகொண்டிருந்தார். ஐயாவுக்காக வீட்டிலிருந்து இட்லியும் கெட்டிச் சட்னியும் எடுத்து வந்திருக்கிறார். டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார். நான் படிக்காமல் போனது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. மூன்று தடவை பி.ஏ. எழுதியபோதும் என்னை ஒரு வார்த்தை கேட்காதவர். அந்த நேரம் நிஜமாகவே அந்தப் பாலத்திலிருந்து விழுந்துவிடலாம் போல இருந்தது. அதுவும் ஒரு மணி நேரம் ஏறினால்தான் முடியும்.

ஐயா கத்தவில்லை. "நிஜமான முடிவு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஜெபமாலையைப் பற்றிச் சொன்னேன். உடனே ஆள் அனுப்பினார்.

அவள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ஐயா பாதி முகம் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொன்னாள். நிழல் விழுமே என்றெல்லாம் பார்க்காமல், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னாள். நுரை காய்ந்து முகத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவனை அனுப்பும்போது அந்தப் பொண்ணு அழுவுறாளா?"

"இல்ல சார். அழுதா அவன் திரும்பி வந்துருவான்."

ஐயா எழுந்தார். "லைட்டைக் காளவாய் பக்கம் கொண்டு போங்க" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "நீ இனிமே புத்தகத்தைக் கடைசிப் பக்கத்துலேர்ந்து படி" என்றார். வேலை போகவில்லை என்பது எனக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது.

நைனாவைக் கடைத்தெருவரை கொண்டுபோய் விட நடந்தேன். அவர் காலி டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு வந்தார். சக்கரக்குளம் தாண்டியதும், "அந்த மூணாவது புக்கு எங்க விக்குது?" என்றார்.

"கிடைக்கல நைனா."

"சொல்லியிருந்தா நான் எங்கயாவது தேடி வாங்கியாந்திருக்க மாட்டனா?" என்றார். கடையில் அந்தப் பெயர் எழுதிய காகிதத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை.

படம் தீபாவளிக்கு வந்தது. பத்து நாள் ஓடியது. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு ஊரில் நாற்காலியை உடைத்தார்களாம். ஒரு பத்திரிகை விமர்சனத்தின் கடைசி வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: தழுவியவர் மூல நாவலைப் படித்துப் பார்க்கவே இல்லை என்பது முடிவில் தெரிகிறது. படிக்காமல் ஒரு முடிவைச் சொன்னபோது என்னை எல்லாரும் நம்பினார்கள். படித்தவளைக் கேட்டு எழுதியபோது படிக்காதவன் என்று அச்சில் வந்துவிட்டது. அந்தப் பத்திரிகைமேல் எனக்கு மூன்று வருடம் கோபம் இருந்தது.

மூன்று வருடம் கழித்து, பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்த மூன்றாம் பாகம் கிடைத்தது. முதுகு கிழிந்திருந்தது, பக்கங்கள் முழுதாக இருந்தன. ஐயா சொன்னபடி கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். கடையிலேயே நின்றபடி படித்தேன். மாலுமி வருகிறான். மாளிகைக்காரர் பாறையிலிருந்து விழுகிறார். தேவாலயத்தில் கல்யாணம் நடக்கிறது.

நான் மூன்று நிமிடத்தில் அடித்துவிட்டது அப்படியே அங்கே இருந்தது. நூறு வருடத்துக்கு முன் ஒரு பெரிய எழுத்தாளர் எழுதியதை நான் படிக்காமலே எழுதியிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம்தான். யாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கிறது.

ஜெபமாலை அப்போது திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தாள். விசாரித்துக்கொண்டு போனேன். வராந்தாவில் வந்து நின்றாள். நான் புத்தகத்தை நீட்டினேன். அட்டையைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"நீங்க இதைப் படிச்சதே இல்லையா?" என்றேன்.

"படிச்சேங்க. பிடிக்கல."

"அதுக்காக அத்தனை பேர் முன்னால எங்க டைரக்டர்கிட்ட..."

"அவர் கேட்டாரு, சொன்னேன். நீங்க சொன்னீங்கல்ல, அது மாதிரி." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு மாமன் பையனைப் பேசி வச்சிருந்தாங்க. பம்பாயில வேலை. ஏழு வருஷம் கழிச்சு அந்த ஆடியிலதான் வந்தாரு. ரெண்டு நாளு எங்க வீட்டுல உக்காந்து பேசினாரு. நான் என்னா படிச்சேன்னுகூட கேக்கல. எங்க வீட்டுல யார்கிட்டயும் என்னால சொல்ல முடியல. நீங்க வந்து மூணாவது பாகம் தெரியாதுன்னு சொன்னீங்க."

"படம்தான் ஓடலையே" என்றேன்.

"ஓடாததாலதான் சீக்கிரமா செஞ்சி டாக்கீஸுக்கு வந்துச்சு. மேட்னிக்கு எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வச்சிட்டு, 'கல்யாணம் ஆவலன்னாலும் அந்தப் பொண்ணு மூஞ்சி நல்லாத்தான்டி இருந்துச்சு'ன்னாங்க. தை மாசம் வந்துச்சு. கல்யாணப் பேச்சு வரல."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

சென்னை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மடியில் இருந்த புத்தகத்தைப் பிரித்து அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை நிதானமாகப் படித்தேன். நான் சொன்ன முடிவுதான். எனக்கும் பிடிக்கவில்லை.